மழையில் நின்றுபோன ஹீட்டர் ஃபேன்

பெங்களூரில் கார் ஹீட்டரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இருந்த காலம் முழுக்க நானும் சிரித்தவன்தான். இந்த ஊரில் காருக்குள் எதற்குச் சூட்டுக் காற்று? பழைய வண்டி ஏதாவது வந்தால் ஹீட்டர் ஃபேனின் வயரைக் கழற்றி, டேப் சுற்றி, ஓரமாகச் செருகிவிட்டு, அந்த சுவிட்சைப் பாட்டுப் பெட்டிக்குத் திருப்பிவிடுவோம். வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போவார்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற நீங்கள் லேப்டாப்பைச் செருகி, வண்டியின் வாயாலேயே அதன் நோயைக் கேட்டுக்கொள்கிற தலைமுறை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் என்றைக்காவது, செருக இடமே இல்லாத ஒரு கிழட்டு வண்டி உங்கள் முன்னாலும் வந்து நிற்கும். அந்த நாளுக்காக ஒரு தப்பை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாருடையதும் இல்லை, என்னுடைய தப்புதான்.

என் பட்டறை மல்லேஸ்வரத்தில், மார்கோசா ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. எலெக்ட்ரிக் வேலை மட்டும்தான், இன்ஜினைத் தொடமாட்டேன். சந்து முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. பகல் முழுக்க அதன் நிழல் பேனட்டுகளின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நான் கையில் ஸ்பேனரோடு அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். கூட வேலை செய்தவர்கள், "அண்ணன் நெட்வொர்க் இல்லாத ஏரியாவுக்குப் போயிட்டாரு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார்கள். அந்த மரத்துக்கு வைத்த பெயர் எனக்குத்தான் பொருந்தும் என்றும் ஒரு கேலி உண்டு.

நான் பட்டறையை விடுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்த வண்டி வந்தது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த நாலு கதவு வண்டி. பிஸ்தா நிறம். வெயிலில் நின்றால் ஈரமாக இருக்கிற மாதிரியே தோன்றும். அதன் சொந்தக்காரர் மாநில அரசில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவர் கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். பேசிக்கொண்டே கதவைத் துடைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், நான் தொட்ட இடத்தை நான் கையை எடுத்ததும் துடைப்பார். ஒன்றரை வருடம் உட்கார்ந்து வண்டிக்கு முழுதாகப் பெயிண்ட் அடித்திருந்தார். பழைய கார்களின் கண்காட்சியில் பேனட்டைத் திறந்து காட்டிப் பரிசு வாங்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்.

"ஹீட்டர் ஃபேன் சுத்தறதே இல்ல. குன்னூருக்குப் போகணும். பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் அங்க. மலையில கண்ணாடி எல்லாம் பனி மூடிக்கும். ஸ்வல்ப பாருங்க," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஃபேன் நம் காலைச் சூடாக்க மட்டும் வைத்தது இல்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சு முன்கண்ணாடியில் படியும்போது, அதைத் துடைக்கிற வேலையும் அதனுடையதுதான். மலைப் பாதையில் அது இல்லையென்றால் ஓட்டுகிறவருக்குக் கண் இல்லை.

ஃபேனைக் கழற்றினேன். கூட்டுக்குள் பல வருடத்துக் காய்ந்த இலை, பூ, ஏதோ ஒரு பறவையின் சின்ன இறகு. மோட்டாருக்குள் கரன்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது, மாற்றினேன். சுவிட்சையும் மாற்றினேன். திரும்ப மாட்டி ஓட விட்டபோது, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. அதோடு மிச்சமிருந்த இலைத்தூளும் பறந்து வந்து, கூட வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த சாரின் மனைவி மேல் விழுந்தது. அவர் தும்மிவிட்டுச் சிரித்தார். பழைய நூலகத்தில் வருகிற மாதிரி ஒரு வாசனை. எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. ஃபேனின் எர்த் வயர், அதாவது கரன்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போகிற வயர், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தது. வைப்பரின் எர்த்தும் அதே ஸ்க்ரூவில்தான். அந்த ஸ்க்ரூவுக்கு அடியிலும் பிஸ்தா நிறம் பளபளத்தது. பெயிண்ட் மேல் கரன்ட் போகாது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்க்ரூவின் மரைகள் ஏதோ கொஞ்சம் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் கை தானாகவே சுரண்டியை எடுத்தது.

"அய்யய்யோ, அங்க கை வெக்காதீங்க," என்றார் சார். "பேனட் தூக்கினா முதல்ல கண்ல படற எடம் அது."

ஃபேன்தான் ஓடுகிறதே என்று சுரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. வைப்பரைப் போட்டுப் பார்க்கவில்லை. நம் தொழிலில் காய்ந்த கண்ணாடி மேல் வைப்பரை யாரும் ஓட்டமாட்டோம், கீறல் விழும். அதுவும் மஞ்சள் துணியோடு ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே வேண்டாம்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, இது மழையிலயும் ஓடுமா?"

"ஃபேன் உள்ளதானே கீது மேடம்? வெளிய மழை பெய்யறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம் அந்த அம்மா தனியாக வந்தார். வண்டியை டிரைவர் ஒருவர் ஓட்டி வந்து நிறுத்திவிட்டுப் போனார். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"திரும்பி வரும்போது நடுவட்டம் தாண்டி நல்ல மழை அண்ணா. ஃபேன் நின்னுடுச்சு. கண்ணாடி மொத்தமும் வெள்ளையாயிடுச்சு. நான் முந்தானையால துடைக்கிறேன், துடைக்கத் துடைக்க மூடுது. அவர் ஜன்னல்ல தலைய வெளிய நீட்டிட்டு ஓட்டறார். எதிர்ல பஸ் வந்தது எங்களுக்குத் தெரியவேயில்ல. ஹாரன் சத்தம்தான் கேட்டுது. ஸ்டியரிங்க ஒடிச்சாரு. பள்ளத்துக்கு ஒரு அடி இருக்கும், அங்க போய் நின்னுது வண்டி. பின்னால பொண்ணு உக்காந்திருந்தா. கத்தக்கூட இல்ல. இறங்கினதும் வாந்தி எடுத்தா."

என் கண் முன்னால் அந்த ஸ்க்ரூ வந்து நின்றது.

அவரே மேலே பேசினார். "ஆடி பொறக்கறதுக்குள்ள கல்யாணம், அதுவும் குன்னூர்லதான். இன்னும் மூணு வாரம். சொந்தக்காரங்க எல்லாரும் வேன்ல வராங்க. ஆனா பொண்ணு, அப்பா ஓட்டற வண்டியிலதான் போவேன்னு நிக்கறா. அவருக்கும் அதுதான் ஆசை. ரெண்டும் ஒரே பிடிவாதம். நான் வேண்டாம்னு சொன்னா, கல்யாணத்துல நான் மூஞ்சி தூக்கின மாதிரி ஆயிடும். நீங்க சொன்னா கேப்பாங்க. இது ஓடாது, மலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்கன்னு சொல்லிடுங்க. இல்ல ஓடும்னா, சத்தியமா ஓடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

தம்பிகளே, தங்கைகளே, இந்த மாதிரி நேரத்தில் நம் மனம் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'ஓடாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் தலைக்கு ஒன்றும் வராது. அந்த அம்மாவுக்கும் நிம்மதி. என் தப்பும் யாருக்கும் தெரியாமல் புதைந்துபோகும். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் அந்தப் பெண் வேனில் போய் இறங்குவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. என் சோம்பலுக்கு அவள் ஆசையை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும் என்று கோபம் வந்தது. என் மேலேயே வந்த கோபம்தான்.

"பாத்துட்டுச் சொல்றேன் மேடம். நீங்களும் கூட உக்காரணும்," என்றேன்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"நின்னப்ப பக்கத்துல இருந்தது நீங்கதானே."

நாம் எப்போதும் ஓட்டுகிறவரிடம்தான் கேட்போம், என்ன சத்தம், எப்போது வந்தது என்று. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. அதுவும் புடவை கட்டியவராக இருந்தால் அவர் வாயைத் திறப்பதற்குள் கணவர் பதில் சொல்லிவிடுவார், நாமும் அதைத்தான் எழுதிக்கொள்வோம். ஓட்டுகிறவரின் கவனம் ரோட்டில். ஃபேன் இருப்பதோ பக்கத்து சீட்டின் கால் பக்கத்தில்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. வண்டியை நான் எடுத்தேன். மார்கோசா ரோட்டில் மெட்ரோவுக்குப் போகிற கூட்டம் குடைகளோடு போய்க்கொண்டிருந்தது. ஜன்னல்களை முழுக்க ஏற்றிவிட்டோம். சாங்கி ஏரிப் பக்கம் திரும்பும்போது எங்கள் இரண்டு பேர் மூச்சிலேயே கண்ணாடி மங்க ஆரம்பித்தது. ஃபேனைப் போட்டேன். கீழிருந்து அரை வட்டமாக, இரண்டு பக்கமும், கண்ணாடி மெதுவாகத் தெளிந்தது. அந்த அரை வட்டங்களுக்குள் நனைந்த மரங்கள், ஒரு ஆட்டோவின் சிவப்பு விளக்கு, ஏரிக்கரைக் கம்பி, எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதே எனக்கு ஒரு நிமிடம் மறந்துவிட்டது. மழைச் சத்தமும் ஃபேன் சத்தமும் ஒன்றாகக் கலந்து, தூக்கத்துக்கு முன்னால் வருகிற ஒரு மயக்கம் மாதிரி இருந்தது.

மழை வலுத்ததும் வைப்பரைப் போட்டேன்.

"இப்ப," என்றார் அவர்.

"என்ன மேடம்?"

"சத்தம் மாறுது. அன்னிக்கும் இப்படித்தான். முதல்ல இழுத்து இழுத்து மூச்சு வாங்கும், அப்புறம்தான் நிக்கும்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடம் மோட்டார் சத்தத்திலேயே பிழைத்த காது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் கேட்டது. ஃபேன் இழுத்து இழுத்து ஓடியது, வைப்பரும் சோர்ந்து போய் நடுக்கண்ணாடியில் தயங்கியது. பிறகு ஃபேன் நின்றேவிட்டது. அரை வட்டங்கள் இரண்டும் சுருங்கி, ஏரி மறைந்து, மரம் மறைந்து, எங்களுக்கு முன்னால் வெறும் வெள்ளை மட்டும் இருந்தது. ஓரமாக நிறுத்தினேன். அந்த அம்மாவின் கை சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அன்றைக்கு மலையில் அவர் பார்த்தது இதைத்தான்.

வைப்பரை நிறுத்தினேன். பத்து பதினைந்து நொடியில் ஃபேன் முனகிக்கொண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான் விஷயம். மழை என்றால் வைப்பர், வைப்பர் என்றால் அதே ஸ்க்ரூ. ஒரு ஆள் போகிற வழியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். மழையிலயும் ஓடுமா என்று அவர் கேட்டது முழுக்கச் சரியான கேள்வி.

மழைக்குள் நின்ற வண்டியிலேயே அவரிடம் சொன்னேன். "மேடம், இது எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுது. சார் வேணாம்னாரு, நானும் ஃபேன் ஓடுதேன்னு உட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். "இப்ப சரி பண்ண முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டறைக்குத் திரும்பி வந்து டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தேன். எர்த் நன்றாக இருந்தால் அந்த இடத்தில் பல்ப் எரியக் கூடாது. வைப்பரும் ஃபேனும் ஓடும்போது அழகாக எரிந்தது. சந்தேகமே இல்லை. சாருக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

வந்தவர் முதலில் மழையில் நனைந்த வண்டியைத் துடைத்தார். பிறகு நான் சொன்னதைக் கேட்டார். "தனியா ஒரு வயர் இழுத்து பேட்டரிக்குக் கொடுத்துடுங்களேன், பெயிண்டைத் தொடாம," என்றார்.

"கொடுக்கலாம் சார். ஆனா வயரை எங்க ஒளிச்சு வெச்சாலும் அந்த ஸ்க்ரூ அங்கயேதான் கீது. வைப்பர் அதை நம்பித்தான் ஓடுது. மலைல வைப்பர் நின்னா இன்னா பண்ணுவீங்க? இந்தத் தபா நான் பாதி வேலை பண்ண மாட்டேன். சுரண்ட உடுங்க, இல்லாட்டி வண்டியை மலைக்கு எடுக்காதீங்க. மூணாவது வழி என்கிட்ட இல்ல."

வாடிக்கையாளரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"எவ்வளவு எடம்?" என்று கேட்டார்.

"ஒரு ரூபா காசு அளவு."

மஞ்சள் துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். "நான் போய் ஒரு காபி குடிச்சிட்டு வர்றேன். நான் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சந்து முனை வரைக்கும் மழையிலேயே நடந்துபோனார்.

சுரண்டினேன். பிஸ்தா நிறம் பொடியாக உதிர்ந்து, அதற்குக் கீழே செம்பழுப்பு, அதற்கும் கீழே வெள்ளைத் தகரம் வந்தது. வயர்களைப் புதிதாக மாட்டி, துரு பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவினேன். அந்த அம்மா கூடவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும், அடுத்த மூன்று வாரத்தில் மழை பெய்த ஒவ்வொரு நாளும், வைப்பர், ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஏரியைச் சுற்றினோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. தொழில் பாடம் என்று நான் உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: வண்டி எந்த நிலைமையில் சாகிறதோ அந்த நிலைமையில் வைத்துப் பாருங்கள். அது செத்தபோது பக்கத்தில் இருந்தது யாரென்று கேளுங்கள்.

ஆனால் கதை முடியவில்லை. "நீங்களும் கூட வரணும்" என்றார் அந்த அம்மா. கல்யாணப் பத்திரிகை வைத்து அழைத்ததுதான், ஆனால் எதற்காக என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியும்போது கிளம்பினோம். சார் ஓட்டினார், அந்த அம்மா பக்கத்தில், பின்னால் கல்யாணப் பெண்ணும் நானும். பெண் மருதாணிக் கைகளை மடியில் விரித்து வைத்திருந்தாள். மைசூர் தாண்டி, பந்திப்பூர்க் காட்டைத் தாண்டி, கூடலூரில் சாப்பிட்டுவிட்டு மலை ஏற ஆரம்பித்தபோது மதியம் ஒரு மணி. நாலாவது வளைவில் மழை பிடித்தது. அதற்கு மேல் பனி. யூகலிப்டஸ் மரங்கள் பாதி உயரத்துக்கு மேல் காணாமல் போயிருந்தன. தேயிலைச் சரிவுகள் வந்தன, கரைந்தன. சார் வைப்பரைப் போட்டார், ஹெட்லைட்டைப் போட்டார், ஃபேனைப் போட்டார்.

எனக்குப் பயம் வந்தது. ஏரியைச் சுற்றியதெல்லாம் சமவெளி, இது மலை. கிரீஸ் தடவிய ஒரு ரூபாய் அளவுத் தகரத்தை நம்பி ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்த்தால் பயம் அதிகமானது, பள்ளத்தைப் பார்த்தால் இன்னும் அதிகமானது. தலையைச் சீட்டில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டேன். மழையை விலக்கி, இன்ஜினை விலக்கி, ஃபேனின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். இழுக்கிறதா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும்போது அது மாறுகிறதா என்று கேட்டேன். போர்த்தியிருந்த சால்வைக்குள் இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருந்தன. எத்தனை வளைவு, எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரே சுருதியில் அந்த ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊட்டியில் டீக்கடை ஓரமாக நிறுத்தினார்கள். சார் இறங்கி மஞ்சள் துணியோடு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார், பெண் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அந்த அம்மா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, மழை ஆரம்பிச்சதும் எனக்கு உயிரே இல்ல. வண்டியை நிறுத்துங்கன்னு கத்தப் போனேன். திரும்பி உங்களைப் பாத்தேன். நீங்க நல்லா தூங்கிட்டு இருந்தீங்க. ரிப்பேர் பண்ணவரே இவ்வளவு நிம்மதியா தூங்கறாரேன்னு தோணிச்சு. அப்பதான் பயம் போச்சு."

ஸ்க்ரூ விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொன்னவன் நான். இதைச் சொல்லவில்லை.

"வயசாயிடுச்சு மேடம்," என்றேன், "வண்டில ஏறினாலே தூக்கம் வந்துடுது."